மஞ்சளாகிப்போன இருவர்

1

இந்தக் கதையில் என் சொந்தச் சரக்கு என்று பார்த்தால் பொய்கள்தான். உண்மை என்று என்னிடம் இருப்பது கேட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் சொன்ன இரண்டு வாக்கியங்கள். அதை வைத்துக்கொண்டு பல வருடமாக முழித்துக்கொண்டிருக்கிறேன்.

நாகர்கோவிலில் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் டாக்டர் சத்தியநேசன் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. ஒரு நோய் எங்கே பிறக்கிறது, யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எந்த இடத்தில் மறித்தால் நிற்கும் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிற டாக்டர். மலேரியாவை ஒழிப்பதிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அந்தப் படிப்புக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. அது வாயில் நுழையாததால் தெருவில் அவரைக் 'கொசு டாக்டர்' என்றுதான் சொல்வோம். அவருக்கு அது பிடிக்காது. பிடிக்காது என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் சொன்னோம்.

ஒரு பொன்விழா மலருக்கு அவரைப் பற்றிக் கட்டுரை கேட்டார்கள். போய் உட்கார்ந்தேன். நூற்றுக்கு எத்தனை பிள்ளைகளுக்கு மண்ணீரல் வீங்கியிருந்தது, மருந்தடித்த பிறகு எத்தனை ஆனது என்று சாயங்காலம் முழுக்க விகிதமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். "இதெல்லாம் அரசாங்க அறிக்கையிலயே இருக்கு சார். உங்களுக்குன்னு ஒண்ணுமே நடக்கலியா?" என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

கேட்வரை கூடவே வந்தார். தாழ்ப்பாளைத் திறந்துவிட்டுச் சொன்னார்:

"நான் ஒரு பொண்ண மஞ்சளாக்கினேன் மக்கா. பின்ன நானே அவள வெளுக்கவும் வச்சேன்."

"யாரு சார்? எந்த ஊர்ல?"

"மழ வருது. நீ வீட்டுக்குப் போ."

மழை வரவில்லை. அன்றைக்கு வானத்தில் ஒரு மேகம் கிடையாது. கதையில் மற்ற எதற்கும் இல்லாவிட்டாலும் இதற்கு மட்டும் நான் சத்தியம் செய்வேன்.

மறுவருடம் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போனபோது அவருடைய தங்கை ஜெபகுமாரி, பேச்சோடு பேச்சாக இன்னொன்று சொன்னார். "அண்ணன் ஒரு கிறிஸ்மசுக்கு ஒடம்பெல்லாம் மஞ்சளா வந்து நின்னாரு. காமாலைன்னு நெனச்சு அம்ம கீழாநெல்லி அரச்சுக் குடுத்தா. சிரிச்சிட்டே குடிச்சாரு. என்னன்னு கடைசிவரை சொல்லல்ல."

ஆக, ஒரு பெண் மஞ்சளானாள். அவரும் மஞ்சளானார். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'மலையிலிருந்து மஞ்சு இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில் டாக்டர் சத்தியநேசன் தமது ஜீப்பிலிருந்து—' இல்லை. அவருக்கு ஜீப் கிடையாது. குலசேகரம்வரை பஸ், அதற்கு மேல் நடை. மஞ்சும் வேண்டாம். மஞ்சு இறங்கினால் வாசகர்கள் அடுத்த பக்கம் காதல் வரும் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

'முத்துக்கனிக்குக் கல்யாணம் ஆனபோது—' இதுவும் இல்லை. அவளைக் கல்யாணத்திலிருந்து தொடங்கினால் அவள் கதை கணவனின் கதையாகிவிடும். கணவன் இந்தக் கதையில் ஏற்கெனவே செத்துப்போனவன்.

'கசப்பாக இருந்தது.' இது பரவாயில்லை. ஆனால் யாருக்கு, எது என்று உடனே சொல்லியாக வேண்டும். சொல்கிறேன்.

3

1951. அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தோம். குலசேகரத்தைத் தாண்டி, ரப்பர் மரங்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஓடைக்கோணம் என்று ஓர் ஊர். (வரைபடத்தில் தேட வேண்டாம். ஊரும் நான் வைத்தது, ஓடையும் நான் வெட்டியது. காய்ச்சல் மட்டும் நிஜம்.)

ஊரார் அதை மலம்பனி என்றார்கள். முதலில் குளிரும், பிறகு உடம்பு கொதிக்கும், பிறகு வேர்த்து ஊற்றும். போய்விட்டது என்று எழுந்து வேலைக்குப் போனால் ஒருநாள் விட்டு மறுபடி வந்து படுக்கையில் தள்ளும். பிள்ளைகளுக்கு வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். டாக்டர் அவர்களை ஒரு பெஞ்சில் படுக்க வைத்து இடதுபக்க விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்துவார். வீங்கிய மண்ணீரல் கையில் தட்டும். தொடுவதற்கு முன்னால் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார்.*

(* கை தேய்த்தது என் சேர்க்கை. அவருக்கு என்னிடம் இதுவரை ஒரு நல்ல குணம்கூட இல்லையே என்று சேர்த்தேன்.)

அவரிடம் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. ஒன்று டி.டி.டி. வீட்டுக்குள்ளே எல்லாச் சுவரிலும் அடிக்க வேண்டும். கொசு கடித்துவிட்டுச் சுவரில் உட்காரும், செத்துவிழும். இவர்கள் அடித்துவிட்டுப் போன மறுநாளே, நாற்றம் தாங்கவில்லை என்று பெண்கள் சாணியைக் கரைத்துச் சுவரை மெழுகிவிடுவார்கள். மருந்து மெழுகலுக்கு அடியில் பத்திரமாக இருக்கும், கொசு அதன்மேல் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கும். வீடு வீடாகக் கெஞ்சி, மெழுகாமல் இருங்கள் என்று சம்மதிக்க வைப்பதற்குள் அவருக்கு ஒரு வருடம் போயிற்று.

இரண்டாவது ஆயுதம் குளிகை. மெப்பகிரின் என்று பெயர், மஞ்சள் நிறம், வேப்பெண்ணெய் தோற்றுப்போகும் கசப்பு. வாரத்துக்கு இரண்டு நாள் ஊரில் எல்லோரும் விழுங்க வேண்டும். மருந்தடிக்கும் ஆட்களின் மேஸ்திரி தங்கப்பன் வீட்டுவாசலில் நின்று கையில் போடுவார். எல்லோரும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துத் தலையை ஆட்டுவார்கள். தங்கப்பன் அடுத்த வீட்டுக்குத் திரும்பியதும் பின்பக்கம் போய்த் துப்பிவிடுவார்கள். வாழைமூட்டில் மஞ்சளாகக் கிடக்கும். கோழிகூடக் கொத்தாது.

ஊரில் ஒருத்திதான் விழுங்கினாள்.

4

முத்துக்கனிக்கு இருபத்துநாலு, இருபத்தைந்து வயது வைத்துக்கொள்வோம். பூதப்பாண்டிப் பக்கம் வயல்காட்டிலிருந்து மலையடிவாரத்துக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். புருஷன் கிருஷ்ணமணி ரப்பர் வெட்டுக்குப் போனவன், மலம்பனி மூளைக்கு ஏறி இறந்துபோனான். பிள்ளை இல்லை. அண்ணன்மார் கல்யாணத்தோடு கைகழுவிவிட்டார்கள். மாமியார் பகவதியம்மாளின் வீடுதான் அவளுக்கு இருந்த ஒரே கூரை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் எல்லாம் இந்தக் கூரைமேல்தான் வந்து விழப்போகிறது.

[அவள் அழகா? கேட்பீர்கள் என்று தெரியும். எழுதப்போவதில்லை.]

கிருமி இருக்கிறதா என்று பார்க்க மாதம் ஒருமுறை டாக்டர் ரத்தம் எடுக்க வருவார். மோதிரவிரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து, கண்ணாடிச் சில்லில் ஒரு துளி. விரலை அவர் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம் ஒரு துளி ரத்தம் வருகிற நேரம்தான். அப்போது நடந்த பேச்சு இது:

"குளிக முழுங்குதியா?"

"முழுங்குதேன்."

"வாயத் தெற."

திறந்தாள். நாக்கு மஞ்சளாக இருந்தது. அவ்வளவு மஞ்சள் நாக்கை அவர் அந்த ஊரில் பார்த்ததில்லை.

"கசக்கல்லியா?"

"கசக்காம பின்ன? எனக்க வீட்டுக்காரரு கொய்னா மருந்து கசக்குன்னு துப்பித் துப்பியே போய்ச் சேந்தாரு. எனக்குத் துப்பப் பயம் டாக்டரே."

"மத்தவங்களும் முழுங்குதாங்கல்லா?"

அவள் சிரித்தாள். "அது ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது."

இந்த இடத்தில் அவர் மனதில் என்னவோ ஆயிற்று என்று எழுதினேன். 'அவருக்குள் ஒரு சிறு விளக்கு—' அடித்துவிட்டேன். ஆனது இவ்வளவுதான்: தம்மை ஒருத்தி நம்பிக் கசப்பை விழுங்குகிறாள் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு அந்த மாதாந்திரப் பயணத்துக்கு அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

5

மெப்பகிரினை ஒழுங்காக விழுங்கினால் தோல் மஞ்சளாகும். நோய் அல்ல, நிறம் மட்டும்தான். நிறுத்தினால் சில வாரங்களில் போய்விடும். டாக்டர்களுக்கு இது தெரியும். குளிகையைத் துப்பாமல் விழுங்கியவர்களைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல அடையாளம் இல்லை என்றுகூடச் சொல்வார்கள்.

ஆனால் நம் ஊரில் புருஷன் செத்தவள் மஞ்சள் தேய்க்கக் கூடாது.

முதலில் உள்ளங்கை. பிறகு கழுத்து. பிறகு முகம். பகவதியம்மாள் மருமகளைக் கிணற்றடியில் உட்கார வைத்துப் பயற்றம்மாவு போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. வீட்டிலிருந்த மஞ்சள் முழுவதையும் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை முந்தியில் முடிந்தாள். அம்மியை முகர்ந்து பார்த்தாள். அப்புறமும் மருமகள் நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டே போனாள்.

கடைசியில் வைத்தியம் பார்க்கிற ஆசானிடம் கூட்டிப்போனாள். ஆசான் கெட்டிக்காரர். கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். காமாலை என்றால் கண் வெள்ளை முதலில் மஞ்சளாகும். முத்துக்கனியின் கண் பால் வெளுப்பாக இருந்தது.

"காமால இல்ல," என்றார். "சீக்கு ஒண்ணும் இல்ல."

"பின்ன இது என்ன ஆசானே?"

"அத நீ ஒனக்க மருமவகிட்டத்தான் கேக்கணும்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்தச் சரியான வைத்தியம்தான் அவளைக் குற்றவாளியாக்கிற்று. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பகவதியம்மாள் முன்னால் வேகமாக நடந்தாள். நடைக்குள் ஏறியதும் கேட்டாள்:

"ஏட்டி, எவனுக்கு வேண்டி மஞ்ச தேய்க்குத?"

"குளிக தின்னதுதான் அத்தே. சத்தியமா."

"ஊரே தின்னுது. ஒனக்கு மட்டும் எப்பிடிட்டி பூசும்?"

இதற்கு அவளிடம் பதில் இருந்தது. ஊர் தின்னவில்லை, துப்புகிறது. அதைச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று அவளைப் பலமுறை உலுக்கிக் கேட்டுவிட்டேன். என் பாத்திரம்தான், ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. மாமியாரும் துப்புகிற ஆள்தான் என்பதால் இருக்கலாம்.

6

அடுத்த தடவை டாக்டர் வந்தபோது தங்கப்பன் வழியிலேயே மறித்து விஷயத்தைச் சொன்னார். "அம்மன்கோவில் கொடைக்கு முன்ன வெளுக்கல்லன்னா வீட்ட விட்டு எறங்கணும்னு கெழவி சொல்லியாச்சு. அண்ணன் வீட்டில நட ஏத்த மாட்டாங்க. பாவம் சாரே, அந்தப் பிள்ள."

டாக்டர் நேராக அம்மன் கோவில் முன்னால் ஆட்களைக் கூட்டினார். ஊர்ப் பெரியவர் நாராயணபெருமாள் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"அது மஞ்ச தேச்சதில்ல. குளிகைக்க நெறம். முழுங்கினா எல்லாருக்கும் அப்படித்தான் ஆவும்," என்றார் டாக்டர்.

நாராயணபெருமாள் தம் கருத்த கையை நீட்டிக் காட்டினார். "நாங்களுந்தான் முழுங்குதோம் டாக்டரே. பாருங்க. எங்களுக்கு ஏன் ஆவல்ல?"

எல்லோரும் கையை நீட்டினார்கள். ஒரு கையிலும் மஞ்சள் இல்லை.

இங்கே நான் எழுத்தை நிறுத்தி எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒரு வார்த்தை போதும். 'நீங்கள் எல்லோரும் துப்புகிறீர்கள்.' அதோடு அவள் தப்பித்துவிடுவாள். ஆனால் ஊர் முன்னால் நாராயணபெருமாளைப் பொய்யன் என்று சொன்னால் நாளைக்கு ஒரு வீட்டுக்கதவும் மருந்தடிக்கத் திறக்காது. மழைக்காலம் வரும். பெஞ்சில் படுத்த பிள்ளைகளில் சிலர் அடுத்த வருடம் பெஞ்சுக்கு வர மாட்டார்கள். ஒரு பக்கம் ஒரு பெண்ணின் பெயர், இன்னொரு பக்கம் ஊர்ப் பிள்ளைகளின் உயிர். ஒரு சாதாரண டாக்டராக இருந்தால் முன்னால் நிற்கிறவளைப் பார்ப்பார். இவர் படித்த படிப்போ, நிற்காதவர்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிற படிப்பு.

'அவர் கோழையாக இருந்தார்' என்று எழுதினேன். அடித்தேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்று விட்டிருக்கிறேன்.

அவர் மூன்றாவதாக ஒன்று கண்டுபிடித்தார். படித்த ஆள்களுக்கு மட்டும் தோன்றுகிற யோசனை.

"நான் தின்னு காட்டுதேன். அடுத்த மாசம் வரும்போ என்னப் பாருங்க. அப்போ நம்புவியளா?"

"நம்புவோம்," என்றார் நாராயணபெருமாள், தாராளமாக.

7

தினமும் தின்றார். மார்த்தாண்டத்தில் தம் வீட்டில், காலையில் கஞ்சிக்குப் பிறகு. கிறிஸ்மஸ் வந்தபோது கோயிலில் வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு மஞ்சளாக நின்றார். சபையே திரும்பிப் பார்த்தது. அம்மா கீழாநெல்லி அரைத்தாள். இதுதான் ஜெபகுமாரிக்கு நினைவிருந்த கிறிஸ்மஸ். சிரித்துக்கொண்டே குடித்தார் என்று சொன்னார் அல்லவா, அந்தச் சிரிப்பை நான் இங்கே கொண்டுவந்து வைக்கிறேன். அவளைப்போலவே தாமும் ஆகிக்கொண்டிருப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. நிரூபணத்துக்குத் தேவையானதைவிடச் சில நாள் அதிகமாகவே தின்றார் என்று நினைக்கிறேன்.

புதுவருடம் பிறந்ததும் ஓடைக்கோணத்துக்கு ஏறிப் போனார். கோவில் முன்னால் சட்டைக்கையை மடித்து இரண்டு கைகளையும் நீட்டினார். முகம், கழுத்து, கை எல்லாம் நல்ல மஞ்சள். முத்துக்கனி வேலியோரம் நின்றிருந்தாள். அவளும் அதே மஞ்சள்.

ஊர் அவரைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. மறுபடி அவரைப் பார்த்தது.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. நாராயணபெருமாளாக இருக்கலாம். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பகவதியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

"கண்டியளா?" என்றாள். "நான் எவனுக்குன்னு கேட்டேன். பதில் நடந்து வந்து நிக்குது. பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒண்ணுபோல தேச்சாச்சு. இனி பந்தல்தான் பாக்கி."

டாக்டர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். 'இது விஞ்ஞான—' சிரிப்பில் அது அமுங்கிப்போயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மஞ்சள் பூசுகிற ஊரில் இரண்டு பேர் ஒரே நிறத்தில் வந்து நின்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அவருக்கு அது தோன்றவே இல்லை. வேதக்கார வீட்டில், கிறிஸ்தவராக வளர்ந்தவர். நிரூபணம் நிரூபணமாக மட்டும் இருக்கும் என்று நம்பியிருந்தார்.

அன்றைக்கும் ரத்தம் எடுத்தார். எடுக்காமல் போனால் அது இன்னும் தப்பாகிவிடும். முத்துக்கனி விரலை நீட்டினாள். அவர் பிடித்தார். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதைப் பிடித்திருந்த கையையும்.

"எனக்கு வேண்டியா தின்னிய?" என்றாள் மெதுவாக.

"நிரூபிக்கதுக்கு."

"நல்லா நிரூபிச்சிய."

கோபமாகச் சொல்லவில்லை. அவள் உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது. அவருக்கும் வந்துவிட்டது. ஊர் முழுக்கத் தங்களைப் பார்த்துச் சிரித்த ஒரு நாளில் அவர்கள் இரண்டு பேரும் குனிந்து ஒரு துளி ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். துளி எப்போதோ வந்துவிட்டது. விரலை விடவில்லை.

எனக்கு இதற்குமேல் இந்தப் பத்தியை எழுத முடியவில்லை. ஏங்குகிற இரண்டு பேரை ஒரே இடத்தில் நிற்க வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போவது சுலபமில்லை.

8

மீனம், தமிழ்க் கணக்கில் பங்குனி, பிறந்தது. அடுத்த மாதம் மேடத்தில் கொடைத் திருவிழா. புதுக் குளிகை வந்துவிட்டது. குளோரோகுவின், வெள்ளை நிறம். பழையதைவிட நன்றாகக் கேட்கும், தோலை மஞ்சளாக்காது. பழையதை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம், மிச்சத்தைத் திருப்பி அனுப்பு என்று மேலிருந்து உத்தரவு.

டாக்டர் குளிகையை நிறுத்தி இரண்டு மாதத்துக்கு மேலாகியிருந்தது. வெளுத்துவிட்டார். அந்த மாதம் ஓடைக்கோணத்துக்கு ஏறிப்போன அன்றைக்குப் பையில் இரண்டு டப்பாவும் இருந்தன. புதியது கொடுக்க, பழையது திருப்பி அனுப்ப. வீட்டில் பகவதியம்மாள் இல்லை, ஓடைக்குப் போயிருந்தாள். தங்கப்பன் பின்பக்கச் சுவரில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். பம்பு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"நல்ல சேதி," என்றார் டாக்டர். "இது வெள்ளக் குளிக. இத தின்னா கொடைக்குள்ள நீ வெளுத்திருவ. கெழவிக்குப் பேச ஒண்ணும் இருக்காது. வீட்டில இருக்கலாம்."

வெள்ளைக் குளிகைகளை அவள் கையில் போட்டார். முத்துக்கனி அதைப் பார்த்தாள். வாயில் போடவில்லை.

"பழசு இல்லியா?"

"எது?"

"மஞ்ச."

"இருக்கு. ஆனா இதுதான் நல்லது. காய்ச்சலுக்கு இதான் இன்னும் கேக்கும். அது தின்னா இன்னும் மஞ்சளாத்தானே இருப்ப?"

"அதுக்குத்தான் கேட்டேன்," என்றாள்.

அவசரப்படாமல் இருங்கள். இது என்ன கேள்வி என்று உங்களுக்குப் புரிந்திருக்கும், எனக்கும் புரிகிறது, அவருக்கும் புரிந்தது. கொடை வரையிலும் மஞ்சளாக இருந்தால் அவளுக்கு வீடு போய்விடும். அது தெரிந்துதான் கேட்கிறாள். வீடு போனால் போகட்டும், பிறகு நான் எங்கே போவேன் என்று நீங்கள் சொல்லுங்கள் என்கிறாள். கட்டிக்கொள்வீர்களா என்று ஒரு பெண் 1952-இல், கோவிலும் வேதமும் ஊரும் மாமியாரும் குறுக்கே நிற்கும்போது, இதைவிட எப்படிக் கேட்பாள்?

இந்த வாக்கியத்தை அவளுக்கு நான் எழுதிக்கொடுக்கவில்லை. எழுதிக்கொண்டே வரும்போது அவளாகச் சொன்னாள். சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் அப்படித்தான்.

9

முடிவுகள்.

(அ) அவர் மஞ்சளை எடுத்துக் கொடுக்கிறார். தாமும் ஒன்று வாயில் போட்டுக்கொள்கிறார். மேடத்தில் இருவரும் மார்த்தாண்டம் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓடைக்கோணம் கதவைச் சாத்திக்கொள்கிறது. மருந்தடி நிற்கிறது. தை மாதத்தில் ஒரு பிள்ளைக்கு மலம்பனி மூளைக்கு ஏறுகிறது. (இந்தப் பிள்ளைக்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்தால் உங்களால் இந்த முடிவைத் தேர்ந்தெடுக்க முடியாமல் போகும்.)

(ஆ) அவர் பையை மூடுகிறார். அவள் வெள்ளையை விழுங்கித் தண்ணீர் குடிக்கிறாள். கொடைக்குள் வெளுத்துவிடுகிறாள். பகவதியம்மாள் பெட்டியைத் திறந்து மஞ்சளை வெளியே எடுக்கிறாள். அடுத்த மாதங்களில் முத்துக்கனியின் ரத்தத்தில் கிருமி இல்லை. ஊரில் யாருக்குமே இல்லை. இனி மாதாமாதம் விரல் குத்த வேண்டிய அவசியம் இல்லை. அவர் ஏறிவர வேண்டிய அவசியமும் இல்லை. 1956-இல் எல்லை மாறி நாங்கள் மதராஸ் ராஜ்யத்துக்கு வந்தபோது, ஓடைக்கோணத்தில் மலேரியா பூஜ்யம் என்று அறிக்கை போகிறது. பாராட்டுக் கடிதம் வருகிறது.

(இ) 'பல வருடம் கழித்து ஒரு நாள் வடசேரிச் சந்தையில்—' இல்லை. சந்திக்க வைக்க மாட்டேன். என்னைக் கெஞ்சாதீர்கள்.

நடந்தது (ஆ) என்று கேட்டில் அவரே சொல்லிவிட்டார். 'பின்ன நானே வெளுக்கவும் வச்சேன்.' அதனால் நான் வேறு முடிவு எழுத முடியாது என்பீர்கள். அவர் தொழிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தது, சிலது நடக்காமல் பார்த்துக்கொண்டதுதான். வராத காய்ச்சல், சாகாத பிள்ளை, வீங்காத வயிறு. நடக்காமல் போனதற்கு யாரும் சாட்சி இல்லை, யாரும் நன்றி சொல்லவும் மாட்டார்கள். ஓடைக்கோணத்தில் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்தவர்களுக்குத் தாங்கள் எதிலிருந்து தப்பித்தோம் என்று தெரியாது. அந்த நடக்காதவற்றோடு சேர்த்து அவர் இன்னொன்றையும் நடக்காமல் பார்த்துக்கொண்டார். அதற்காக அவர்மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது. நன்றியும் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. பொங்கலுக்குப் பக்கத்து வீடுகளிலிருந்து மஞ்சள் கொத்து கொடுத்தால் வாங்கி ஜன்னலில் கட்டிவைப்பார், அடுத்த பொங்கல்வரை அவிழ்க்க மாட்டார்.* 

(* இது நிஜமா என்று கேட்காதீர்கள். நிஜமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.)

10

அவர் இறந்துவிட்டார். அவருடைய முடிவை அவர் முடித்துக்கொண்டார். கதை இன்னும் முடியவில்லை, ஏனென்றால் நான் அதை எட்டாம் பகுதியிலேயே நிறுத்தி வைத்திருக்கிறேன்.

அதனால் அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்கிறேன். நீங்கள் வாருங்கள். பையை வாங்கிக்கொள்ளுங்கள். கனமாக இருக்காது. இரண்டு டப்பா, ஊசி, கண்ணாடிச் சில்லுகள். பின்பக்கம் தங்கப்பனுடைய பம்பு சத்தம் கேட்கிறதா? அது இந்த வீட்டுச் சுவரோடு ஊர் முழுக்க நடந்துகொண்டிருக்கிற வேலை. கொஞ்ச நேரத்தில் பகவதியம்மாள் ஓடையிலிருந்து ஏறி வருவாள். பெஞ்சில் படுத்த பிள்ளைகளை உங்களுக்கு நினைவிருக்கும். அவளுக்கு இருக்கிற ஒரே கூரை எது என்றும் நினைவிருக்கும், நான்தான் நினைவில் வைக்கச் சொன்னேன்.

வெள்ளைக் குளிகைகளை அவள் உங்கள் முன்னால் திண்டில் வைத்துவிட்டாள். உள்ளங்கையை விரித்திருக்கிறாள். இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. உங்கள் முகத்தைத்தான் பார்க்கிறாள்.

"பழசு இல்லியா?" என்கிறாள் மறுபடி.

எந்த டப்பா என்று நான் சொல்லப்போவதில்லை. எடுத்துக் கொடுங்கள்.